பழுது நீக்கப்பட்டது

செம்பூரில் தங்கி ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவி ஒருவரிடம் நான்கு ஜாப் ஷீட்டுகள் இருக்கின்றன. ஒரே மடிக்கணினிக்காக, ஒரே சர்வீஸ் சென்டர், ஏழு மாதங்களுக்குள் கொடுத்தவை. தேதி மாறுகிறது, பதிவெண் மாறுகிறது, கைவைத்த உதிரிபாகத்தின் பெயர் மாறுகிறது. கடைசி வரி மட்டும் மாறவில்லை. ஆங்கிலத்தில் அச்சாகியுள்ள அவ்வரியைத் தமிழில் சொன்னால் ‘பழுது நீக்கப்பட்டது; சோதிக்கப்பட்டது; ஒப்படைக்கப்பட்டது’ என்று வரும். மூன்று வினைகள், மூன்றும் செயப்பாட்டுவினைகள். நீக்கியவர் யார், எவ்வளவு நேரம் சோதித்தார், சோதனையில் என்ன கண்டார் என்பதற்கெல்லாம் அந்த வரியில் இடமில்லை.

மொழியியல் படித்தவர் என்பதால் அவருடைய கண் அங்கேதான் போய் நின்றது. ‘படு’ சேர்ந்த செயப்பாட்டுவினை தமிழ்ப் பேச்சில் அரிது. வீட்டில் எவரும் ‘சோறு வடிக்கப்பட்டது’ என்று சொல்வதில்லை. அலுவலகக் கோப்பிலும் அறிவிப்புப் பலகையிலும் செய்தித்தாளிலும் செழிக்கும் வடிவம் அது. செய்தவரைச் சொல்லாமல் செய்ததை மட்டும் சொல்ல வேண்டிய இடங்களில் அதன் பயன் பெரிது.

வாடிக்கையாளரின் இலக்கணம் வேறு. தமிழ்த் துணைவினைகளை ஆராய்ந்த இ. அண்ணாமலையின் நூல் 1985இல் வெளிவந்தது. ‘விடு’ என்பது செயல் முடிந்ததைக் காட்டும், ‘கொண்டிரு’ என்பது அது தொடர்வதைக் காட்டும் என்ற அளவிலேனும் மொழியியல் மாணவர் அனைவரும் அறிவர். சர்வீஸ் சென்டர் ‘சரிசெய்துவிட்டோம்’ என்கிறது. மாணவி ‘பழுதாகிக்கொண்டே இருக்கிறது’ என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. நிறுவனத்தின் கணக்கில் முடிந்துபோன நான்கு பழுதுகள் இருக்கின்றன. அவருடைய கணக்கில் முடியாத ஒன்று இருக்கிறது. வாரண்டித் தகராறுகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த எண்ணிக்கைக்குத்தான் வந்து சேர்கின்றன: நான்கா, ஒன்றா?

மடிக்கணினியின் விலை அறுபதாயிரம் ரூபாயை ஒட்டியது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்பவர்களுக்கு மாதம் 8,000. இவர் இரண்டாம் வகை. பதிவு வேறு ஊரில், களப்பணி மும்பையில். ஆக, அந்த இயந்திரம் அவருக்கு ஏழரை மாத உதவித்தொகை. அந்தத் தொகையைத்தான் சர்வீஸ் சென்டர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் ‘யூனிட்’ என்று அழைத்தார்.

ஆய்வுப் பொருள் தாராவித் தமிழ். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பங்களில் பாட்டி, மகள், பேத்தி மூவரின் பேச்சும் எங்கெங்கே ஒத்துப்போகிறது, எங்கே இந்தியும் மராட்டியும் உள்ளே வருகின்றன என்பதைப் பார்ப்பது. தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் பதிவுசெய்த ஒலிக்கோப்புகளை, நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய எலான் என்ற மென்பொருளில் ஏற்றி, சொல் சொல்லாக எழுத்தாக்கிக் குறிப்பிட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சு பல நாள் உழைப்பைத் தின்னும். தையல் எந்திரச் சத்தத்துக்கும் குழாயடிச் சத்தத்துக்கும் நடுவே ஒரு பாட்டி விழுங்கிய விகுதியைப் பிடிக்க, மூன்று நொடித் துணுக்கை இருபது முறை கேட்க நேரும்.

ஜூனில் வாங்கிய இயந்திரம் ஆகஸ்டில் முதல் முறையாக நின்றது. வேலை தொடங்கி ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் திரை இருண்டு அணைந்தது. ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இயங்கியது. இந்தப் பிந்தைய குணம்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். முழுதாகச் செத்த இயந்திரத்தை எவரும் மறுக்க முடியாது. விட்டு விட்டு நிற்கும் இயந்திரமோ, சர்வீஸ் சென்டர் மேசைமேல் வைத்ததும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

முதல் முறை விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினார்கள். இரண்டாம் முறை, பிரச்சினை எதுவும் தென்படவில்லை என்றும், கடற்கரை நகரத்தின் ஈரப்பதத்தில் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுரை கிடைத்தது. மும்பையின் மழைக்காலக் காற்றில் ஈரம் எண்பது விழுக்காட்டைத் தாண்டுவது புதிதன்று. அந்த ஊரில்தான் அந்தக் கடை அந்தப் பொருளை விற்றது. தென்படாத பழுதை நீக்கியதாக ஜாப் ஷீட்டின் கடைசி வரி சொன்னதை அப்போதுதான் அவர் முதன்முறையாக உற்றுப் பார்த்தார். மூன்றாம் முறை மதர்போர்டை மாற்றினார்கள். ஆறு வாரம் ஓடியது. நான்காம் முறை, கேட்காமலேயே எஸ்எஸ்டியை மாற்றினார்கள். ஒலிப்பதிவுகளுக்குப் பல்கலைக்கழகத்தில் பிரதி இருந்ததால் அவை பிழைத்தன. அதற்கு முந்தைய வாரங்களில் செய்து முடித்திருந்த பதினொரு மணி நேரப் பேச்சின் குறிப்புகள் பழைய எஸ்எஸ்டியோடு போயின. அதைத் திருப்பிக் கேட்டபோது, மாற்றிய பாகம் நிறுவனத்துக்கே உரியது என்றார்கள். விதிமுறைத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. தரவுகளுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது. உலகெங்கும் கணினி வாரண்டித் தாள்களில் இந்த இரு வாக்கியங்களும் பொதுவாக அடுத்தடுத்தே காணப்படுகின்றன. ஒன்று வட்டை எடுத்துக்கொள்கிறது, மற்றது அதில் இருந்ததைக் கைவிடுகிறது.

இன்னொரு வழக்கமும் சொல்லத் தக்கது. இயந்திரத்தைக் கையில் கொடுப்பதற்குமுன் செல்பேசிக்கு ஓர் ஓடிபி வரும். அதைச் சொன்னால்தான் பொருள் கிடைக்கும். சொன்ன நொடியே அந்தப் புகார் மூடிவிடும். சில நிறுவனங்கள் இதற்கு ‘ஹேப்பி கோடு’ என்றே பெயர் வைத்திருக்கின்றன. நாற்பது நிமிடத்தில் வெளிப்படும் பழுதை மேசை முன் நின்று ஐந்து நிமிடத்தில் சோதித்து மகிழ வேண்டும். அதன் பிறகு மறுபடி அழைத்தால், “மேடம், அந்த கேஸ் க்ளோஸ் ஆகிவிட்டது, இது புது கேஸ்” என்று தொலைபேசிக் குரல் மிகுந்த மரியாதையுடன் தெரிவிக்கும். நான்கு முறை அவர் தன் பெயரையும் தொடர் எண்ணையும் பழுதின் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான்காம் முறை காத்திருக்கையில் வந்த குறுஞ்செய்தி, நீட்டித்த வாரண்டியைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும்படி அழைத்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞரைக் குறைசொல்லிப் பயனில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தக் கிளையன்று. ஒப்பந்தத்தில் நடக்கும் தனிக்கடை. பாகம் கேட்டு எழுதலாம், வந்த பாகத்தைப் பொருத்தலாம். இயந்திரத்தையே மாற்றிக்கொடுக்கும் முடிவு அவர் காணாத ஏதோ ஓர் ஊரில், அவர் காணாத ஒருவரிடம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு மட்டுமன்று, அவருக்கும் அந்த வாக்கியத்தின் எழுவாய் தெரியாது.

இத்தகைய பழுது ஏன் வந்து வந்து போகிறது என்பதற்குப் பொறியியலில் தெளிவான விளக்கம் உண்டு. மதர்போர்டின்மேல் சில்லுகளை ஈயப் பற்றுகளால் ஒட்டியிருப்பார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலும் ஈயமே இல்லை, பெயர்தான் தங்கியிருக்கிறது. சூடேறும்போது சில்லு ஓர் அளவும் பலகை வேறோர் அளவும் விரிகின்றன. நாள்தோறும் விரிந்து சுருங்க, பற்றில் மயிரிழை விரிசல் விழுகிறது. சூட்டில் தொடர்பு விலகுகிறது, குளிர்ந்தால் மீண்டும் சேர்கிறது. குளிரூட்டிய அறையில் பத்து நிமிடம் இயக்கிப் பார்ப்பவருக்கு அது தென்படவே தென்படாது.

2008இல் இது உலகறிந்த செய்தியாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் என்விடியா நிறுவனம், தன்னுடைய மடிக்கணினி வரைகலைச் சில்லுகள் சிலவற்றின் பொதிவுப் பொருளில் பலவீனம் இருப்பதை அறிவித்து, வாரண்டிச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தச் சில்லுகளைப் பயன்படுத்திய கணினி நிறுவனங்கள் சில, மின்விசிறியை அதிக நேரம் சுழலவைக்கும் பயாஸ் புதுப்பிப்புகளை வெளியிட்டன. வெப்ப ஏற்ற இறக்கம் குறையும் என்பது அவற்றின் விளக்கம். பழுதைத் தீர்க்காமல், வாரண்டி முடியும்வரை தள்ளிப்போடும் உத்தி அது என்பது எதிர்த்தரப்பு. அமெரிக்காவில் கூட்டு வழக்காகி 2010இல் சமரசத்தில் முடிந்தது. அவ்வழக்கு நினைவூட்டுவது ஒன்றுண்டு. குறை பொருளின் பிறப்பிலேயே இருந்தால், அதே வகைப் பாகத்தை எத்தனை முறை மாற்றினாலும் மாற்றுவது பழுதைத்தான். போதாக்குறைக்கு, வாரண்டித் தாள்கள் புதுப் பாகத்தை உறுதிசெய்வதில்லை. சீரமைத்த பழைய பாகமும் ‘செயல்திறனில் நிகரானது’ என்ற சொற்றொடருக்குள் அடங்கிவிடும்.

இதையெல்லாம் அவர் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டார். முதலில் சொன்னவர் தாராவியில் செல்பேசியும் மடிக்கணினியும் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர். ஒலிப்பதிவு செய்யப் போன வீட்டின் உறவினர். இயந்திரத்தைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டு, அடிப்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சூடு ஏறுனா விட்டுருது, ஆறுனா ஒட்டிக்கிடுது. போர்டுலதான்க்கா கோளாறு. வேற போர்டு போட்டாலும் அதே லாட்டுன்னா அதே கததான்.”

திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டதற்குக் கையை எடுத்துக்கொண்டார். “வாரண்டி இருக்குல்லா? நாந் தொறந்தா அவனுக்கு அதே போதும். முடியட்டும், கொண்டாங்க.”

மும்பை தூக்கியெறியும் பொருள்களில் கணிசமான பகுதி தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பக்கம் வந்து சேர்கிறது. நெகிழியைப் பிரித்து, உலோகத்தைப் பிரித்து, கம்பியை உரித்து, மறுபடி விலைக்கு ஆக்கும் கைகள் அங்கே இருக்கின்றன. பலகையைப் பார்த்தே எந்தத் தலைமுறை இயந்திரம் என்று சொல்லும் அனுபவம் அங்கே உண்டு. அந்த அறிவு இயந்திரத்துக்கு உயிர் இருக்கும்வரை அதைத் தொடக் கூடாது, செத்தபின் கூறுபோடலாம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மாக்னுசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தின் அடிப்படையில், ‘திறந்தால் வாரண்டி போகும்’ என்று ஒட்டும் வில்லைகள் பொதுவாகச் செல்லாது என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2018 ஏப்ரலில் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களின்மேல் பழுதுபார்ப்பதற்கு எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணை அச்சிட்டாக வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென நிதி கரே தலைமையில் குழு அமைத்தது, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாயிலும் திறந்தது. நிறுவனங்களின் கையேடுகளும் சர்வீஸ் சென்டர் விவரங்களும் ஓரிடத்தில் கிடைப்பது நல்லதே. ஆனால் தாராவிக் கடைக்காரர் அந்த இயந்திரத்தைத் திறக்கலாம் என்று அது சொல்லவில்லை.

வாரண்டி என்ற சொல்லையே சற்றுத் திருப்பிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் வாரண்டியும் கேரண்டியும் ஒரே சொல்லின் இரு பிறவிகள். ஜெர்மானிய மூலம் ஒன்று. காத்தல் என்ற பொருளை ஒட்டியது. நார்மன் பிரெஞ்சில் வகரமாகவும் நடுப் பிரெஞ்சில் ககரமாகவும் ஒலித்தது. வில்லியம் என்ற பெயர் அங்கே கியோம் ஆனது இதே வழியில்தான். இரண்டும் ஆங்கிலத்துக்குள் வந்தபின் வணிகம் அவற்றுக்கு வேறுவேறு வேலை கொடுத்தது. நம் ஊர்க் கடைகளில் ‘கேரண்டி என்றால் மாற்றித் தருவோம், வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவோம்’ என்று சொல்வது அந்தப் பிரிவினையின் உள்ளூர் வடிவம். தமிழ் இரண்டுக்கும் வைத்திருக்கும் சொல் உத்தரவாதம். உத்தரம் என்பது மறுமொழி. உத்தரவாதி, கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். காப்பதாகச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைவிட இது அடக்கமானது; ஆனால் கறாரானது. பொருள் கெடாது என்று அது சொல்லவில்லை. கெட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு என்கிறது. நான்கு பதிவெண்களும் ஓர் ஓடிபியும் சேர்ந்து இல்லாமல் ஆக்கியது அந்த ஆளைத்தான்.

பொருளியலில் வாரண்டிக்குக் கௌரவமான இடம் உண்டு. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய ‘எலுமிச்சைச் சந்தை’ கட்டுரையைச் சமூக அறிவியல் மாணவர்கள் அறிவார்கள். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு வெளியாகி, 2001இல் நோபெல் பரிசு வரை போனது. (ஏற்க மறுத்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வாளர்களுக்கு இது ஒரு சிறு ஆறுதல்.) அமெரிக்கக் கொச்சையில் எலுமிச்சை என்பது வாங்கிய பின் பல்லிளிக்கும் வண்டி. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் நல்ல பொருளும் சந்தையைவிட்டு வெளியேறும் என்பது அவர் வாதம். அதைத் தடுக்கும் ஏற்பாடுகளுள் ஒன்றாக உத்தரவாதத்தை அவர் குறிப்பிடுகிறார். அபாயம் விற்பவர் தலைக்கு மாறுகிறது என்பதே அதன் தர்க்கம். செம்பூர் மாணவியின் கதையில் அபாயம் மாறவில்லை. பாகத்தின் விலை மட்டும் நிறுவனத்துக்கு. நாள்களும் ரயில் பயணங்களும் பதினொரு மணி நேரக் குறிப்பும் அவருக்கு.

இந்த ஓட்டையைக் கண்டு அமெரிக்க மாநிலங்கள் வண்டிகளுக்கு ‘எலுமிச்சைச் சட்டம்’ இயற்றின. கனெக்டிகட் 1982இல் தொடங்கிவைத்தது. அதன் சிறப்பு அது எண்ணியதுதான். ஒரே பழுதுக்கு நான்கு முறை முயன்றும் தீரவில்லை என்றாலோ, மொத்தம் 30 நாள் வண்டி பட்டறையில் கிடந்தாலோ, நியாயமான வாய்ப்பு முடிந்துவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஐந்தாம் முறையாகப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் ‘கொண்டே இருக்கிறது’ என்ற வினைக்குச் சட்டம் ஓர் எண்ணைக் கொடுத்தது.

இந்தியச் சட்டத்தில் அந்த எண் இல்லை. ஆனால் வெறுங்கையும் இல்லை. நுகர்வோர் இயக்கத்தில் மும்பைக்கு மூத்த இடம் உண்டு. இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தை 1966இல் பெண்கள் சிலர் இந்நகரில்தான் தொடங்கினார்கள்; மும்பை கிராஹக் பஞ்சாயத்து 1975இல் பிறந்தது. முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல்தான் வந்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கிய ஊரிலோ நிறுவனம் இருக்கும் ஊரிலோதான் வழக்குத் தொடர வேண்டும் என்பதில்லை. வசிக்கும் இடத்திலேயே தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறையை நீக்கவோ, பொருளை மாற்றவோ, விலையைத் திருப்பவோ, இழப்பீடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம். சரியாகும்வரை பழுதுபார்ப்போம் என்று வாக்களித்துவிட்டு, அதை நிறைவேற்ற நியாயமான வாய்ப்பே இல்லாமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை என்பதும் அச்சட்டத்தின் வரையறைப் பகுதியிலேயே இருக்கிறது. பலரும் படிக்காமல் கடந்துபோகும் பகுதி அது.

மாணவி முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தார். புகார் நிறுவனத்துக்குப் போனது. அதுவரை அவரை அழைத்திராத மேல்நிலை அதிகாரி ஒருவர் மூன்றாம் நாள் அழைத்து, ‘நல்லெண்ண அடிப்படையில்’ ஐந்தாம் முறை மதர்போர்டை மாற்றவும் வாரண்டியை ஓராண்டு நீட்டவும் முன்வந்தார். கௌரவமான சலுகைதான். இன்னோர் ஆண்டுக்கு இதே கதையைச் சொல்லும் உரிமை. அவர் மறுத்துவிட்டார்.

மும்பை புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிய மனுவில் அவர் செய்த ஒரு காரியம் ஆய்வு மாணவர்கள் கவனிக்கத் தக்கது. நான்கு ஜாப் ஷீட்டுகளையும் நான்கு இணைப்புகளாக அடுக்கவில்லை. ஒரே தாளில் அட்டவணையாக்கினார். வாடிக்கையாளர் சொன்ன அறிகுறி ஒரு நெடுவரிசை. நிறுவனம் செய்த வேலை அடுத்தது. மீண்டும் நின்ற தேதி மூன்றாவது. பட்டறையில் கிடந்த நாள்கள் நான்காவது. இரண்டாம், மூன்றாம் நெடுவரிசைகள் வரிக்கு வரி மாறின. முதல் நெடுவரிசையில் நான்கு வரியிலும் ஒரே வாக்கியம்: ‘சூடேறி நாற்பது நிமிடத்தில் அணைகிறது.’ நான்காவது நெடுவரிசையின் கூட்டல் 47. களப்பணித் தரவை வரிசைப்படுத்தும் அதே பழக்கம்தான். வடிவங்கள் வேறுபட்டாலும் அடியில் இருக்கும் உருபு ஒன்று என்று காட்டுவது.

நிறுவனத்தின் பதிலுரை இதை நேர் எதிராகப் படித்தது. முதலில் மென்பொருள், பிறகு ஈரப்பதம், பிறகு மதர்போர்டு, பிறகு எஸ்எஸ்டி, நான்கும் வேறுவேறு, ஒவ்வொன்றும் வாரண்டிப்படி இலவசமாகத் தீர்க்கப்பட்டது, உற்பத்திக் குறை என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இந்த வாதத்துக்குப் பின்னால் கனமான முன்னுதாரணம் உண்டு. மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், உற்பத்திக் குறை நிறுவப்படாதபோது குறையுள்ள பாகத்தைப் பழுதுபார்ப்பது அல்லது மாற்றுவது என்பதோடு வாரண்டிப் பொறுப்பு நின்றுவிடும், வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்றது. 2010இல் ஃபியட் வண்டி வழக்கில் அதே நீதிமன்றம், சுயேச்சையான நிபுணர் பரிசோதித்து உள்ளார்ந்த உற்பத்திக் குறை என்று கண்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சுமை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். குறை பிறவியிலேயே உள்ளது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு நிபுணர் வேண்டும். அரசு ஏற்ற ஆய்வகத்துக்குப் பொருளை அனுப்பச் சட்டம் வழிசெய்கிறது. அதற்கான கட்டணத்தை முதலில் மனுதாரரையே கட்டச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயல வேண்டும் என்ற வினையின் வலிமையை அந்த நீதிமன்றக் கூடத்து நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் அறிவார்கள்.

விரலை வைத்துப் பார்த்தே சொன்ன தாராவிக் கடைக்காரரின் கருத்தை எழுதி வாங்கினால் என்ன என்று அவர் யோசித்ததுண்டு. கடைக்காரருக்குத் தயக்கமில்லை. எந்தத் தாளில் எழுத வேண்டும் என்றுதான் கேட்டார். அவரிடம் பட்டயம் இல்லை. கடைக்குப் பதிவெண் உண்டு, அவருடைய அறிவுக்கு இல்லை. மாட்டுங்காவில் தெரிந்த பொறியியல் ஆசிரியர் ஒருவர் இயந்திரத்தை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையையும் அணைந்த நேரங்களையும் பதிவுசெய்து, இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதன் முடிவு கடைக்காரர் சொன்ன இரண்டு வாக்கியங்களின் ஆங்கிலம். ஆணையம் அதை ஏற்குமா, ஆய்வகத்துக்கே அனுப்பச் சொல்லுமா என்பது அடுத்த அமர்வில் தெரியும்.

மனுவில் அவர் கேட்டிருப்பது விலையையும், பயணச் செலவையும், அந்தப் பழைய எஸ்எஸ்டியையும். மூன்றாவது கோரிக்கையை நீக்கிவிடலாம், அது வழக்கை இழுக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் நீக்கவில்லை. இப்போது மாட்டுங்காவில் அத்தை வீட்டுப் பழைய மேசைக் கணினியில், காலை பத்து மணி முதல் பள்ளிவிட்டுப் பிள்ளைகள் வரும்வரை வேலை நடக்கிறது. பதினொரு மணி நேரத்தில் மூன்று மணி நேரப் பேச்சு மறுபடியும் எழுத்தாகியிருக்கிறது.